யானையைப் படிப்பதும் ஒரு படிப்பா?

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றியோ குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அழைப்பிதழிலும் 'சிறப்புரை' என்று மட்டுமே போட்டிருந்ததால், முன்வரிசையில் இருக்கும் எங்கள் பழைய இரசாயனவியல் ஆசிரியை இன்று காலையில் சீனி குறைத்துத் தேநீர் குடித்ததாகக் கேள்வி. ரீச்சர், நீங்கள் பயப்பட வேண்டாம். உயர்தர உயிரியல் பிரிவில் ஒன்றாக இருந்து படித்து, இன்று நாற்பதைத் தாண்டி நிற்கும் எங்கள் வகுப்பின் சார்பில் பேச வந்திருக்கும் நாங்கள், இன்று யானைகளைப் படித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அதற்குக் காரணம் ஒரு பிள்ளை. கடந்த வருடம் இதே மண்டபத்தில் தரம் 11 மாணவியருக்குத் தொழில் வழிகாட்டல் நிகழ்ச்சி நடந்தது. வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று எங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையைப் பற்றிச் சொல்லி முடித்தோம். கேள்வி நேரத்தில் விடுதிப் பிள்ளை ஒருத்தி பின்வரிசையில் எழும்பி, "மிஸ், ஆனையைப் படிக்கிறதும் ஒரு படிப்பா? அதுக்கு எந்த கம்பஸ்?" என்று கேட்டாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். "முதலில் ஓ.எல். எடுங்கோ, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அவளை இருத்திவிட்டோம்.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அவளுடைய வகுப்பாசிரியை சொன்னார். அவள் படுவான்கரைப் பிள்ளை. அவளுடைய அம்மப்பா வட்டைக்குள் வேளாண்மைக் காவலுக்குப் போனவர், விடியற்காலையில் யானை அடித்து இறந்தவர். அந்தத் தேநீர் எங்களுக்கு இறங்கவில்லை.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளும் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால் ஒரு சொல். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. எங்கள் கல்லூரி விடுதி நிரம்பியதே படுவான்கரைப் பிள்ளைகளால்தான். நாங்கள் விடுதியில் இருந்த யுத்த காலத்தில், விளக்கணைத்த பிறகு அவர்கள் சொல்லும் கதைகளில் பாதி ஷெல் கதை, பாதி யானைக் கதை. இடம்பெயர்ந்து போன ஊர்களுக்குள் காடு வந்தது, காட்டோடு யானையும் வந்தது. சனம் மீளக்குடியேறிய போது யானை அங்கே ஏற்கெனவே குடியிருந்தது.

இன்று எங்களில் சிலர் வேலை செய்யும் வைத்தியசாலைகளுக்கு அந்தக் கதைகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வருகின்றன. விலா எலும்புகள் நொறுங்கி, இடுப்பெலும்பு உடைந்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிய, வைக்கோலுக்கு மேல் கிடத்தப்பட்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் இருட்டு நேரம். நாங்கள் குருதி ஏற்றுவோம், போதனா வைத்தியசாலைக்கு மாற்றுவோம், சிலரைக் காப்பாற்றுவோம். "காட்டுக்குள்ள கொண்டுபோய் விடலாம்தானே மிஸ்" என்று உறவினர்கள் கேட்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தேடத் தொடங்கியபோது, திரும்பத் திரும்ப எங்கள் முன் வந்த பெயர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ. எங்கள் நாட்டவர். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிய யானையின் மரபியலையும் சூழலியலையும் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிறகு இலங்கைக்குத் திரும்பி ஆய்வு நிலையமொன்றை நடத்திவருபவர். அவருடைய பெயரை நாங்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தோம். அது எப்போது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இலங்கை யானையைப் படித்த முதல் ஆள் அவரல்லர். 1960களின் இறுதியில் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆதரவில் ஜோன் ஐசன்பெர்க், ஜோர்ஜ் மக்கே போன்றோர் இங்கு வேலை செய்தார்கள். மக்கே 1973இல் வெளியிட்ட நூல் தென்கிழக்கு இலங்கையின் யானைகளைப் பற்றியது. கல்லோயாவும் லகுகலயும் அதற்குள் வருகின்றன, அதாவது எங்கள் கிழக்கின் யானைகள். பேராதனையைச் சேர்ந்த கால்நடை மருத்துவ விஞ்ஞானி எம். ஆர். ஜெய்னுதீன் உள்ளிட்டோர், மதம் பிடித்த ஆண் யானையின் குருதியில் டெஸ்டோஸ்டெரோன் எவ்வளவு உயர்கிறது என்பதை அளந்து 1972இல் வெளியிட்டார்கள். மருத்துவ பீடத்தில் அகஞ்சுரக்கும் தொகுதியை மனனம் செய்து செய்து களைத்த எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லையே என்று இப்போது ஆதங்கமாக இருக்கிறது.

பெர்னாண்டோவின் வேலையில் முதலில் எங்களைக் கவர்ந்தது யானை இலத்தி. சிரிக்க வேண்டாம். காட்டு யானையிடம் ஊசியோடு போய் இரத்தம் எடுக்க முடியாது. ஆனால் இலத்தியில் குடலின் உட்சுவர்க் கலங்கள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி வாசிக்கலாம். கொவிட் காலத்தில் நாட்டிலுள்ள எல்லோரும் பழகிய அதே பி.சி.ஆர்.தான். இம்முறையையும், வானொலிப் பட்டி கட்டிய யானைகளைப் பின்தொடர்வதையும் சேர்த்து, யால காட்டில் பெண் யானைக் கூட்டங்களை அவரும் ரசல் லாண்டே என்ற விஞ்ஞானியும் ஆராய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கட்டுரை, ஒரே கூட்டத்தில் இருப்பவை ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை என்று காட்டியது. இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருவது என்று உயர்தரத்தில் எழுதி இரண்டு புள்ளி வாங்கியிருப்போம். அதை வைத்து ஒரு குடும்பத்தின் கதையையே வாசிக்கலாம் என்று நினைத்தும் பார்த்ததில்லை. தாய்வழிக் குடிமுறை மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல என்பது வேறு விடயம்.

அதே முறை அவரைப் போர்ணியோவுக்குக் கொண்டுபோனது. போர்ணியோத் தீவில் சிறிதளவு யானைகள் உண்டு. அவை அந்த மண்ணுக்குரியவை அல்ல, சில நூற்றாண்டுகளுக்கு முன் சுல்தான் ஒருவருக்குப் பரிசாக வந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்று நெடுங்காலமாக ஒரு கதை. வந்தேறி யானை என்றால் அதைக் காப்பாற்ற யார் காசு செலவழிப்பார்? 2003இல், பி.எல்.ஓ.எஸ். பயோலொஜி என்ற சஞ்சிகையின் முதலாவது இதழிலேயே, பெர்னாண்டோவை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரை வெளிவந்தது. அந்த யானைகளின் டி.என்.ஏ. மற்ற ஆசிய யானைகளிலிருந்து ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்றது அது. அதன் பிறகு அவற்றின் நிலைமையே மாறியது. 2024இல் உலக செம்பட்டியலில் போர்ணியோ யானை தனியாக மதிப்பிடப்பட்டு, அழிவாபத்தில் உள்ளதாகப் பதிவாகியது. ஆய்வுக்கட்டுரையின் செல்வாக்கு என்பதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். எங்களுக்கு இந்த உதாரணமே போதும். ஒரு மிருகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்ததும், அது அங்கே இருக்கலாமா என்ற கேள்வியும் தீர்ந்துவிட்டது. 'நீ எங்கிருந்து வந்தாய்' என்ற கேள்வியின் பாரம் எங்களுக்கும் தெரியும், இங்கே வந்திருக்கும் ரொறன்ரோ, லண்டன் கிளைக்காரருக்கும் தெரியும்.

இனி எங்கள் வாட்டுக்கு வருவோம். "காட்டுக்குள்ள கொண்டுபோய் விடலாம்தானே?"

இதைத்தான் நாடு பல காலமாகச் செய்து வந்தது. தொல்லை தரும் தனியனை மயக்கி, லொறியில் ஏற்றி, தேசிய பூங்காவில் இறக்கிவிடுவது. இறக்கியதும் படம் எடுப்பார்கள், பத்திரிகையில் வரும், ஊரார் நிம்மதியாவார்கள். பிறகு அந்த யானைக்கு என்ன நடந்தது? அதைக் கேட்டவர்கள் பெர்னாண்டோவும் அவருடன் நீண்டகாலமாக வேலை செய்யும் ஜெனிபர் பாஸ்டோரினியும் மற்றவர்களும். 12 ஆண் யானைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டி கட்டி, அவற்றின் 16 இடமாற்றங்களைப் பின்தொடர்ந்தார்கள். அத்தோடு, இடம் மாற்றப்படாமல் தம் ஊரிலேயே இருந்த வேறு 12 ஆண் யானைகளுக்கும் பட்டி கட்டி ஒப்பிட்டார்கள். மருந்துப் பரிசோதனையில் மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிடுவது போல என்று சொன்னால் இங்கிருக்கும் வைத்தியர்களுக்கு உடனே விளங்கும்.

2012இல் வெளியான முடிவு இதுதான். சில யானைகள் பிடித்த இடத்துக்கே நடந்து திரும்பிவிட்டன. சில எங்கும் நிற்காமல் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்தை அண்டித் தங்கின. போகும் வழியெல்லாம் புதிய ஊர்களில் புதிய சேதம், புதிய மரணம். இடம் மாற்றப்பட்ட யானைகளும் கூடுதலாக இறந்தன. பிரச்சினை குறையவில்லை; பரவியது, உக்கிரமடைந்தது.

இதை வாசித்த அன்று எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, அவள் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு வரி எழுதினாள்: "நாங்கள் கட்டியைத் தொட்டு மற்ற இடமெல்லாம் பரவ விட்டிருக்கிறம்." அவளுடைய உவமைகள் எப்போதும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் இருந்துதான் வரும்.

வெடி போட்டு, ஆட்களைத் திரட்டி, யானைகளை மொத்தமாகக் காட்டுக்குள் துரத்தி வேலி போடுவது இன்னொரு வழி. இதைப் பற்றியும் அவர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். துரத்தும்போது முன்னால் ஓடுவது குட்டிகளோடு இருக்கும் பெண் யானைக் கூட்டம். பயிரைத் தின்னும் பெரிய ஆண் யானைகள் பெரும்பாலும் நழுவிவிடும், அல்லது திரும்பி வந்துவிடும். ஆண் யானைதான் பயிருக்குக் கூடுதலாக வருகிறது, அதிக ஆபத்துக்கு அதிக ஊட்டம் என்ற கணக்கில் வருகிறது என்பதைத் தமிழ்நாட்டவரான ராமன் சுகுமார், தென்னிந்தியக் காடுகளில் செய்த ஆய்விலிருந்து மாதவ் காட்கிலுடன் சேர்ந்து 1988இலேயே எழுதியிருந்தார். ஆக, குற்றம் செய்தவன் வெளியே, தாயும் குட்டியும் உள்ளே. அடைபட்ட காட்டில் அத்தனைக்கும் போதிய தீனி இல்லை. எலும்பு தெரிய மெலிகின்றன. யானைக்கு முதிர்ந்த காட்டைவிட, வெட்டித் திரும்ப முளைக்கும் இளம் பற்றையும் குளத்தடிப் புல்லும் கைவிட்ட சேனையும்தான் நல்ல மேய்ச்சல். எங்கள் அப்பாமாரின் சேனைப்பயிர்ச்செய்கை யானைக்கும் சோறு போட்டிருக்கிறது. ஒரு போகம் மனிதனுக்கு, தரிசாகக் கிடந்த காலம் யானைக்கு.

2008இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை 10 யானைகளின் நடமாட்டத்தைப் பற்றியது. ஒவ்வொன்றும் சராசரியாக 115 சதுர கிலோமீற்றர் அளவான தன் எல்லைக்குள்ளேயே சுற்றி வந்தது. நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வருடா வருடம் போய் வருகின்றன என்ற நம்பிக்கைக்கு அந்தத் தரவில் இடமில்லை. அதற்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஊரை விட்டுப் போக அதற்கும் மனமில்லை. நான்கு தடவை இடம்பெயர்ந்து நான்கு தடவையும் அதே வளவுக்குத் திரும்பிய எங்கள் ஆச்சிமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு நாடு முழுவதையும் 25 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குடியிருப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு படம் வரைந்தார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் கருவி எதுவும் இல்லை, கேள்வியும் கொப்பியும்தான். இலங்கையின் நிலப்பரப்பில் 59.9 வீதத்தில் யானை இருக்கிறது. யானை இருக்கும் பரப்பில் 69.4 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்ன 5,879 யானைகளையும் பூங்காக்களுக்குள் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த இரண்டு எண்களோடு முடிந்துபோக வேண்டும். முடியவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400இற்கும் மேற்பட்ட யானைகளும் 100இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். துவக்குச் சூடு, மின்சாரம், தீனிக்குள் வைத்து வாயில் வெடிக்கும் ஹக்க பட்டாஸ் என்று யானை சாகும் வழிகள் பல. வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் நின்று சாகும். அதை நாங்கள் விபரிக்க விரும்பவில்லை.

சரி, என்னதான் செய்வது? 'காட்டைச் சுற்றி வேலி போடாதே, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடு' என்பதுதான் அவருடைய ஆய்விலிருந்து வந்த பதில். திணைக்கள எல்லை எங்கே ஓடுகிறதோ அங்கே மின்வேலி போட்டால், வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. யாருடைய வேலி என்று கேட்க ஆளில்லை. கொடி படர்ந்து, கம்பி அறுந்து கிடக்கும். ஊரைச் சுற்றிப் போட்டால், அதற்குள் பாயும் தலையுமாகப் படுப்பவர்களே காலையில் எழும்பிக் கம்பியைப் பார்ப்பார்கள். வயல் வேலியை விதைப்போடு கட்டி, அறுவடையோடு கழற்றிவிட வேண்டும். பிறகு தாளடியை யானை வந்து மேயட்டும். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் விவசாயிகளோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். 2020இல் மனித யானை மோதலைத் தணிப்பதற்கான தேசிய செயற்றிட்டத்தைத் தயாரித்த குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஆய்வுக்கட்டுரையில் இருந்த வேலி அரசாங்கத்தின் ஆவணத்துக்குள் போனது அப்படித்தான். ஆவணத்திலிருந்து வட்டைக்கு வருவதற்கு எடுக்கும் காலம் வேறு கணக்கு. அதைப் பற்றிப் பேசினால் இந்த மண்டபத்தைப் பூட்ட விடமாட்டோம்.

அவருடைய பெயரை முன்பே ஒருமுறை கேட்டிருந்தோம் என்றோமே. அதை இப்போது சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். எங்களில் அநேகர் மருத்துவ பீட விடுமுறையில் வீட்டில் இருந்தோம். அன்று என்ன நடந்தது என்பதை இந்த மண்டபத்தில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாவலடிப் பக்கம் வீடிருந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தாயையும் தம்பியையும் பறிகொடுத்தாள். அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் இன்று இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அந்த நாட்களில் ஒரு கதை உலகமெங்கும் பரவியது. அலை வருவதற்கு முன்பே யானைகள் அறிந்து மேட்டு நிலத்துக்கு ஓடிவிட்டன, மிருகங்களுக்கு ஆறாம் அறிவு உண்டு என்று. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் சொன்னன, எங்கள் பத்திரிகைகளும் எழுதின. கேட்பவர்களுக்கு அது அழகான கதை. எங்கள் தோழிக்கு அப்படியில்லை. அன்று காலையில் அவர்கள் வீட்டு நாய் விடாமல் குரைத்திருக்கிறது. "சும்மா கிட" என்று அவள்தான் அதட்டிக் கட்டிவைத்தவள். "ஆனைக்குத் தெரிஞ்சிருக்கு. நாய்க்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல்ல" என்பாள். முகாமில் சொன்னாள், கலியாண வீட்டில் சொன்னாள், வருடக் கணக்காகச் சொன்னாள். மனநல மருத்துவம் படித்த எங்களில் ஒருத்திகூட அந்தச் சொல்லுக்கு மறுசொல் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நேரத்தில் யால காட்டில் சில யானைகளின் கழுத்தில் செய்மதியோடு தொடர்புடைய பட்டி இருந்திருக்கிறது. சுனாமிக்காகக் கட்டியதல்ல, அவை எங்கே போய் வருகின்றன என்று பார்ப்பதற்காக முன்பே கட்டியது. எரிக் விக்ரமநாயக்க, பெர்னாண்டோ, பீற்றர் லெய்ம்குருபர் ஆகிய மூவரும் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, 2006இல் பயோட்ரொபிக்கா என்ற சஞ்சிகையில் சிறிய கட்டுரை ஒன்றை எழுதினார்கள். மூன்று பக்கம்தான். அந்த யானைகள் அலைக்கு முன் ஓடவில்லை. வழக்கமாக எப்படி நடமாடுமோ அப்படித்தான் அன்றும் நடமாடியிருந்தன.

எங்களில் வெளிநாட்டில் பயிற்சியில் இருந்த ஒருத்தி பல ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கண்டெடுத்து அனுப்பினாள். சில யானைகளின் பதிவு மட்டும்தான், எல்லா மிருகத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பது எங்களுக்குத் தெரியும்; அதையும் சேர்த்துத்தான் தோழியிடம் சொன்னோம். அவள் தாளை வாங்கி, படத்தில் யானை நடந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப ஆனைக்கும் தெரியாதா?"

"தெரியல்ல."

வேறொன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். அதன் பிறகு அந்த வசனத்தை அவள் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. யாரோ மூன்று விஞ்ஞானிகள், எல்லோரும் விரும்பிய ஒரு கதையைச் சரிபார்க்க நினைத்ததால் வந்தது அது. அவளைப் பற்றி அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

தொழில் வழிகாட்டலில் கேட்ட பிள்ளைக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பதில் இன்னும் பாக்கி. ஆம் மகள், அது ஒரு படிப்புத்தான். உயர்தரத்தில் உயிரியல், பல்கலைக்கழகத்தில் விலங்கியல், அதற்குப் பிறகு நீண்ட பாதை. பெண் பிள்ளை காட்டுக்குள் போவதா என்று வீட்டில் கேட்பார்கள். ஜெனிபர் பாஸ்டோரினியின் பெயரைச் சொன்னோம். உடவளவையில் பெண் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அவற்றின் நட்பு வலையை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்துவரும் ஷேர்மின் டி சில்வா இலங்கைப் பெண். பெர்னாண்டோவுடன் சேர்ந்து இலத்தி டி.என்.ஏ. முறையில் வேலை செய்த டி. என். சி. வித்யா, ராமன் சுகுமாரிடம் படித்தவர். இன்று பெங்களூரில் தானே மாணவர்களை உருவாக்குகிறார். ஒரு விஞ்ஞானியின் செல்வாக்கை இந்தச் சங்கிலியில் பார்க்கலாம். எங்கள் கல்லூரியிலும் அதே சங்கிலிதான். இன்று விலங்கியல் கற்பிக்கும் ரீச்சர் எங்களுக்குக் கற்பித்த ரீச்சரின் மாணவி.

நூற்றாண்டு நிதியைப் பற்றி ஒரு விண்ணப்பம். கிளைகள் சேர்ந்து படுவான்கரையில் எங்கள் பிள்ளைகள் வரும் ஊர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசப்படுகிறது. மாலை வகுப்பு நான்கு மணிக்கு மேல் நடத்த முடியவில்லை, இருட்டுப்படுவதற்குள் பிள்ளைகள் வீடு சேர வேண்டும், வழியில் யானை. பெரிய மின்விளக்குகள் போடலாம் என்று ஓர் அக்கா சொன்னார். நல்ல மனதோடு சொன்னது. ஆனால் விளக்குக்கு முன் வேலி. அந்த ஊர் மாதர் சங்கமும் விவசாயிகள் அமைப்பும் தாங்களே பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் மட்டும் வேலி. பெயர்ப்பலகை வைப்பதற்காக ஒரு வேலியைக் கட்டி, அடுத்த மாரியில் கொடி படர விட வேண்டாம். எந்த ஊர், எங்கே, எவ்வளவு தூரம் என்பதைத் துறை தெரிந்தவர்களிடம் கேட்டு, அதன் பிறகு காசை எடுப்போம். எங்களில் சிலர் இதற்காக எல்லாக் கிளைகளோடும் பேசத் தயாராக இருக்கிறோம். சண்டை பிடிக்கவும் தயாராக இருக்கிறோம்.

அந்தப் பிள்ளை ஓ.எல். சித்தியடைந்து இப்போது உயிரியல் பிரிவில் இருக்கிறாள். சென்ற மாதம் விடுதியில் பார்த்தபோது பச்சை மட்டைக் கொப்பி ஒன்றைக் காட்டினாள். லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எழுதியது. திகதி, நேரம், தனியனா கூட்டமா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, வெடி போட்டார்களா, போட்டதும் திரும்பியதா. அவள் இல்லாத நாட்களுக்கு அம்மம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருக்கிறான். அவனுடைய எழுத்து யானைக் கால் மாதிரி இருக்கிறது.

"மிஸ், கிழமையில மூண்டு தரம் ஒரு அலியன் வாறது. ஒரே ஆனைதானா எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?"

காது ஓரத்தில் கிழிசல், காதின் மடிப்பு, வாலின் மயிர், முதுகின் வளைவு, இவற்றைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு யானையையும் இனம் காண்கிறார்கள் என்று நாங்கள் வாசித்ததைச் சொன்னோம். கிட்டப் போகக்கூடாது என்று மூன்று முறை சொன்னோம்.

"அப்ப தூரத்தில இருந்து காது தெரிய ஒரு பைனாக்குலர் வேணும்" என்றாள்.

அந்தக் கொப்பியை அவளுடைய அனுமதியோடு கொண்டுவந்து, வாசலில் பழைய புகைப்படங்கள் வைத்திருக்கும் மேசையில் வைத்திருக்கிறோம். எல்லோரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தயவுசெய்து அங்கேயே வையுங்கள். நாளை லீவில் போகிறாள், அவளுக்கு அது வேண்டும்.